சீமைத் தக்காளியும் நாட்டுத் தக்காளியும்

சென்னைக் காய்கறிக் கடைகளில் தக்காளி இரண்டு குவியலாகக் கிடக்கும். ஒன்றுக்கு நாட்டுத் தக்காளி என்று பெயர். மற்றொன்றுக்குப் பெங்களூர்த் தக்காளி என்று பெயர். முன்னது சற்றே சப்பையாக, மெல்லிய தோலும் மிகுந்த சாறும் புளிப்பும் உடையது. இரண்டு நாள் கடந்தால் கசியத் தொடங்கிவிடும். பின்னது திரண்டு, கெட்டித் தோலுடன், ஒரு வாரம் கூடையில் கிடந்தாலும் முகம் வாடாது. பெங்களூரிலேயே குடியிருக்கும் நம்மைப் போன்றோர்க்கு இப்பெயரைக் கேட்குந்தோறும் சிறிது நகைப்புத் தோன்றும். இவ்வூர் வியாபாரி நம்மைக் கேட்பது, “நாட்டியா, ஹைப்ரிட்டா?” என்பதுதான். பெங்களூரில் பெங்களூர்த் தக்காளி என்ற ஒன்று இல்லை. பெங்களூர்க் கத்தரிக்காயும் இல்லை. தமிழகம் அப்பெயரால் அழைக்கும் சௌசௌவைக் கன்னடியர் ‘சீமெ பதனெகாயி’ என்பர். அதாவது, அவர்களுக்கும் அது சீமையிலிருந்து வந்ததே.

ஆயினும் தமிழக வியாபாரி வைத்த பெயரில் ஒரு வரலாற்று உண்மை உண்டு. அதனைக் கூறுமுன், ‘நாடு’ என்னும் அடைமொழியைச் சற்று ஆராய வேண்டும். எந்த நாடு? தக்காளி தமிழ்நாட்டில் பிறந்ததன்று, கருநாட்டிலும் பிறந்ததன்று. தென்னமெரிக்காவின் மேற்குக் கரையோர மலைநாடுகளில் காட்டுச் செடியாகத் தோன்றி, மெக்சிகோவில் தோட்டப் பயிராகத் திருந்தி, 16-ஆம் நூற்றாண்டில் ஸ்பானியர் கப்பலில் ஐரோப்பா சென்றது. மெக்சிகோவின் பழங்குடிகள் வழங்கிய ‘தொமாத்ல்’ என்னும் சொல்லே இன்று உலகெங்கும் உருமாறி வழங்குகின்றது. இத்தாலியில் மத்தியோலி என்னும் மருத்துவர் 1544-இல் இதனைப் பற்றி எழுதினார். பத்தாண்டு கழித்துப் ‘பொற்கனி’ என்ற பெயரையும் குறித்தார். நஞ்சுச் செடிகளின் குடும்பத்தைச் சேர்ந்தது என்பதால் ஐரோப்பியருட் பலர் நெடுங்காலம் இதனைத் தொட அஞ்சினர். 1692-இல் நேப்பிள்ஸ் நகரில் வெளிவந்த சமையல் நூலொன்றில் தக்காளிக் குழம்பு ஏறியது. அதற்குமேல் அக்கதை நமக்கு வேண்டுவதன்று.

நமக்கு வேண்டுவது பெயர்க் கதை. மொழிபெயர்ப்பு நமது தொழிலாதலின் இதில் சற்றே தங்குவதை நேயர்கள் பொறுத்தருள வேண்டும். அமெரிக்கக் கனி வருமுன்னரே தமிழில் தக்காளி என்ற சொல் இருந்தது. மணத்தக்காளி இருந்தது, வயல் வரப்பில் உறை மூடிய சிறு காயுடன் நிற்கும் செடியும் இருந்தது. அக்காயை நெற்றியில் அடித்து வெடிக்கச் செய்து விளையாடாத கிராமத்துப் பிள்ளை அரிது. வெளியூரிலிருந்து வந்த சிவந்த கனி இவற்றின் உறவு என்பதை நம் முன்னோர் செடியைப் பார்த்தே கண்டுகொண்டனர். ‘சீமைத் தக்காளி’ என்று பெயரிட்டனர். தாவர நூலார் பின்னர் உறுதி செய்ததும் அதே உறவைத்தான். சீமை எண்ணெய், சீமைச் சுண்ணாம்பு, சீமைக் கருவேல் என்ற வரிசையில் இதுவும் ஒன்று. வங்காளியர் ‘விலாயதிக் கத்தரி’ என்று பொருள்படப் பெயரிட்டதும் இவ்வாறே.

இதன் பிறகுதான் வியப்பு. காலப்போக்கில் ‘சீமை’ உதிர்ந்தது. வந்தேறி வெறும் ‘தக்காளி’ ஆயிற்று. பெயருக்குரிய பழைய செடியோ ‘சொடக்குத் தக்காளி’, ‘சிறுதக்காளி’ என அடைமொழி சுமந்து நிற்கலாயிற்று. வீட்டுக்காரன் திண்ணைக்கு வந்தான். விருந்தாளி உள்ளே அமர்ந்தான். வேற்று மாநிலங்களில் பெயர்ப்பலகையும் குடும்ப அட்டையும் மாற்றிக்கொண்டு வாழும் நமக்கு இது வேடிக்கையாகவும் இருக்கலாம், வேறாகவும் இருக்கலாம்.

விருந்தாளி உள்ளே வருவதற்கு நெடுங்காலம் ஆயிற்று. மிளகாயும் அமெரிக்காவிலிருந்து வந்ததே. அது நம் சமையலறையை விரைவில் ஆட்கொண்டது. தக்காளிக்கு அந்தப் பேறு வாய்க்கவில்லை. புளி இருக்கும் வீட்டில் இன்னொரு புளிப்புக்குத் தேவை என்ன? புளி ஓராண்டு பானையில் கிடக்கும்; தக்காளி ஒரு வாரம் தாங்காது. 1889 தொடங்கிப் பல தொகுதிகளாக வெளிவந்த ஜார்ஜ் வாட்டின் இந்தியப் பொருளாதாரத் தாவர அகராதி, தக்காளி பெரும்பாலும் ஐரோப்பியருக்காகவே பயிரிடப்பட்டதென்றும், வங்காளியரும் பர்மியரும் புளிக்குழம்பில் சேர்த்தனரென்றும் குறிக்கின்றது. இன்று தக்காளியின்றி ரசம் உண்டோ என்று கேட்கும் தென்னாடு அப்பொழுது அந்தப் பட்டியலிலேயே இல்லை! நம் சமையலறைகள் இதனை முற்றும் மறந்துவிடவுமில்லை. பல குடும்பங்களில் திவசச் சமையலில் தக்காளி சேராது. பூரி ஜகந்நாதர் கோயில் மடைப்பள்ளியிலும் அதற்கு இடமில்லை. உருளைக்கிழங்கும் அதனுடன் சேர்ந்தே வெளியில் நிற்கின்றது.

இனிப் பெங்களூருக்கு வருவோம். 1809-இல் ஆங்கிலேயர் இங்குத் தண்டு அமைத்தனர். படையுடன் தமிழர் வந்தனர். சமையற்காரர், குதிரைக்காரர், ஒப்பந்தக்காரர், எழுத்தர், தோட்டக்காரர் எனப் பல தொழிலினர். ஆனால் தோட்டத் தொழிலில் தமிழரின் கை அதற்கும் முற்பட்டது. 1760-இல் ஹைதர் அலி லால்பாகைத் தொடங்கியபோது தமிழ் நாட்டிலிருந்து தோட்டக்கலை வல்ல குடிகளை வரவழைத்தார் என்பது வழிவழிச் செய்தி. திகளர் எனப்படும் அம்மக்களே பெங்களூரைச் சுற்றிக் கீரையும் காயும் பூவும் பயிரிட்டு நகருக்கு உணவூட்டினர். தருமராயர் கோயிலில் ஆண்டுதோறும் கரகம் எடுப்போரும் அவர்களே. ‘திகளர்’ என்ற கன்னடச் சொல்லே தமிழரைக் குறிப்பது.

லால்பாக் 1836 முதல் 1842 வரை ஒரு வேளாண் தோட்டக்கலைச் சங்கத்தின் பொறுப்பில் இருந்தது. 1856-இல் அரசினர் தாவரத் தோட்டமாயிற்று. 1874 முதல் 1908 வரை அதனை மேற்பார்த்த ஜான் கேமரன் வெளிநாட்டுக் காய்கறிகள் பலவற்றை இம்மண்ணில் பழக்கினார். மேலே கூறிய சௌசௌவும் அவர் கொணர்ந்ததே. கடல் மட்டத்துக்கு ஏறத்தாழ 900 மீட்டர் உயரம், கடுங்கோடையில்லாத காலநிலை, குளிர்ந்த இரவுகள் ஆகிய யாவும் தக்காளிக்கு உகந்தவை. இரவு வெப்பம் மிகுந்தால் தக்காளிப் பூ காயாகாமல் உதிரும். பகல் வெப்பம் 30 பாகையைக் கடந்தால் சிவப்பு நிறம் சரிவர ஏறாது. சமவெளியில் இத்தொல்லைகள் கோடையில் கடுமையாக வரும். பெங்களூரில் ஆண்டின் பெரும்பகுதி இவை இல்லை. கண்ணாடி மாளிகையின் கண்காட்சிகளில் பூக்களுடன் காய்கறிகளும் பரிசுக்கு நின்றன.

1898-இல் பிளேக் நோய் நகரைத் தாக்கிய பின்னர், நெருக்கமான பழைய தெருக்களைத் தளர்த்தும் பொருட்டுத் தண்டின் வடக்கிலும் கிழக்கிலும் புதிய குடியிருப்புகள் எழுந்தன. பிரேசர் டவுன், காக்ஸ் டவுன், நாம் வாழும் ரிச்சர்ட்ஸ் டவுன் முதலியன அவ்வகையின. வெள்ளைக்கார அதிகாரிகளின் பெயர்கள் அவற்றுக்குச் சூட்டப்பட்டன. மங்களூர் ஓடு வேய்ந்த வீடு, சாளரத்தின் மேல் ‘குரங்குத் தொப்பி’ என்று விளையாட்டாக அழைக்கப்படும் மரச் சார்ப்பு, முன்புறம் பூச்செடி, பின்புறம் வேலையாட்களின் அறையும் காய்கறிப் பாத்தியும். விதைகள் தாள் உறைகளில் வந்தன. இங்கிலாந்தின் சட்டன் நிறுவனத்தின் உறைகள், 1884-இல் பூனாவில் தொடங்கிய போச்சா நிறுவனத்தின் உறைகள். பாண்டரோசா, மார்குளோப் போன்ற அமெரிக்க ரகங்கள் அவ்வழியே இந்தியாவுக்கு வந்தன. முன்னது 1891-இலும் பின்னது 1925-இலும் அந்நாட்டில் வெளியானவை. அதற்கும் முன், 1870-இல், ஒஹையோவின் லிவிங்ஸ்டன் என்பவர் ‘பாரகன்’ என்னும் வழவழப்பான உருண்டைத் தக்காளியை வெளியிட்டார். மடிப்பும் பள்ளமுமாக இருந்த கனி கடைக்கேற்ற முகம் பெற்றது அவர் போன்றோர் உழைப்பினால்.

துரைமார் உறையில் வாங்கினர். தோட்டக்காரர் பழத்தில் எடுத்தனர். இவ்வேறுபாடே நம் கட்டுரையின் உயிர்நிலை. தக்காளிப் பூவில் மகரந்தத் தாள்கள் கூம்பு போல் கூடிச் சூலகத்தை மூடி நிற்பதால், பெரும்பாலும் தன் பூந்தாதையே தான் ஏற்கும். ஆகவே ஒரு நல்ல பழத்தின் விதை மறு ஆண்டும் ஏறக்குறைய அதே பழத்தைத் தரும். மேம்சாகிபின் மேசைக்குச் சென்றவை போக எஞ்சிய பழத்தின் விதை தோட்டக்காரர் வீட்டு மாடத்தில் சாம்பலுடன் உறங்கிற்று. அங்கிருந்து அவர் மகள் வாழ்க்கைப்பட்ட ஊருக்குச் சென்றது. இவ்வாறன்றி ஆங்கில உறைத் தக்காளி தமிழகத்துச் சிற்றூர்களை அடைந்த விரைவுக்கு வேறு காரணம் காண்பது அரிது. அவ்வவ்வூர் மண்ணும் மழையும் தமக்கேற்றவற்றை நிறுத்தின. அவ்வவ்வூர்ப் பெண்டிர் தம் குழம்புக்கேற்றவற்றைப் பொறுக்கினர். உறையின் மேலிருந்த ஆங்கிலப் பெயர் மறைந்தது. ஊர்ப் பெயர் ஏறியது. தேனிக்கருகே அன்னஞ்சி என்ற ஊரின் பெயரால் ஒரு தக்காளி வழங்கியது. பெரியகுளம் தோட்டக்கலை ஆய்வாளர்கள் அதன் விதையில் மாற்றத்தைத் தூண்டியே ‘பி.கே.எம். 1’ என்னும் புகழ்பெற்ற ரகத்தை உண்டாக்கினர். சீமைத் தக்காளி நாட்டுத் தக்காளியானது இந்த முறையில்தான். சட்டமோ சாசனமோ அதற்கு வேண்டியிருக்கவில்லை. விதையெடுத்து வைப்பதொன்றே போதுமானதாயிருந்தது.

அச்சங்கிலி அறுந்த இடமும் பெங்களூரே. 1965-இல் இங்குத் தொடங்கிய இந்தோ-அமெரிக்கன் விதை நிறுவனம் 1973-இல் ‘கர்நாடகா’ என்னும் கலப்பினத் தக்காளியை வெளியிட்டது. இந்தியாவில் வாணிகத்துக்கு வந்த முதல் கலப்பினத் தக்காளி அது. சென்னை வியாபாரியின் ‘பெங்களூர்த் தக்காளி’யில் உண்மை உண்டு என்று தொடக்கத்தில் கூறியது இதனாலேயே. கலப்பின விதை செய்யும் முறை நுட்பமானது. ஒரு செடியின் மொட்டைச் சாமணத்தால் பிரித்து, மகரந்தத் தாள்களை நீக்கி, வேறொரு ரகத்தின் பூந்தாதை அதன் சூலகத்தில் தடவ வேண்டும். ஒவ்வொரு பூவுக்கும் ஒரு கை. இராணிபென்னூரைச் சூழ்ந்த வயல்களில் பெண்கள் செய்யும் வேலை இது. அவ்விதை முதல் தலைமுறையில் ஒரே சீராய், மிகுந்த காய்ப்புடன் விளையும். அதன் பழத்திலிருந்து விதையெடுத்தால் மறு ஆண்டு தாயும் தந்தையும் பாட்டனுமாகப் பலவாறு பிரிந்து முளைக்கும். ஆதலின் உழவர் ஒவ்வொரு பருவமும் கடைக்குச் செல்ல வேண்டும்.

இதனைக் குறையாகவே கூறுவோர் உளர். நாம் அவ்வாறு கூறோம். கோலார் மண்டியில் ஏற்றிய தக்காளி தில்லிக்கு நசுங்காமல் சென்று சேர வேண்டுமாயின் கெட்டித் தோல் இன்றியமையாதது. 1967-இல் ஹெசரகட்டாவில் அமைந்த இந்தியத் தோட்டக்கலை ஆராய்ச்சி நிலையம் தந்த ‘அர்க்கா ரக்ஷக்’ மூன்று கொடிய நோய்களை ஒருங்கே தாங்குவது, அதுவும் கலப்பினமே. அதே நிலையம் ‘அர்க்கா விகாஸ்’, ‘அர்க்கா சௌரப்’ என்று விதையெடுக்கத்தக்க ரகங்களையும் அளித்தது என்பதை மறத்தல் ஆகாது. 2001-ஆம் ஆண்டின் பயிர் ரகப் பாதுகாப்புச் சட்டமும் உழவர் தம் விதையைச் சேமிக்கவும் பரிமாறவும் உள்ள உரிமையை ஒப்புக்கொண்டது. உரிமை ஏட்டில் இருக்கின்றது. எடுத்து வைக்கும் கை குறைந்தது. இன்று ‘நாட்டி’ என்று கூவி விற்கும் சப்பைத் தக்காளியிலும் கலப்பின விதையில் விளைந்தது உண்டு. உருவம் நாட்டுடையது, விதை கடையுடையது.

சுவை குறைந்தது என்பது முதியோர் புலம்பல் மட்டும் அன்று. பழைய தக்காளிகளில் காம்பைச் சுற்றி அடர்பச்சைத் தோள் ஒன்று இருக்கும்; பழுத்த பின்னும் அவ்விடம் சற்றே வெளிறி நிற்கும். அது கடையில் அழகாயில்லை என்று, ஒரே சீராகச் சிவக்கும் செடிகளையே பல பத்தாண்டுகள் பொறுக்கினர். 2012-இல் அமெரிக்க ஆய்வாளர் கண்டது யாதெனில், அப்பச்சைத் தோளை உண்டாக்கும் மரபுக்கூறே காயினுள் சர்க்கரை சேரவும் துணை செய்கின்றது; சீரான சிவப்பைத் தேடியவர்கள் அறியாமலே இனிப்பின் ஒரு பகுதியைக் களைந்துவிட்டனர் என்பது.

மேனாட்டில் இத்தகைய பழைய ரகங்களை வீட்டுத் தோட்டத்தார் விதையெடுத்துக் காத்து வருகின்றனர். ‘ஏர்லூம்’ என்பர். பரம்பரையாய் வந்த வீட்டுப் பொருள் என்பது சொற்பொருள். அலுவலகத்தில் ஒருமுறை இச்சொல்லைத் தமிழாக்க நேர்ந்தபோது ‘பாரம்பரிய’ என்று எழுதி, மனம் நிறைவுறாமல் அடித்தோம். பின்னர் ஒருநாள் யாழ்ப்பாணத்தின் தேசவழமை நினைவுக்கு வந்தது. டச்சுக்காரர் 1707-இல் தொகுப்பித்த அச்சட்டத்தில், முன்னோர்வழி வந்த சொத்து ‘முதுசொம்’ எனப்படும். இதனினும் பொருத்தமான சொல் கிடைத்தல் அரிது. ஆனால் முதுசொத் தக்காளி என்று கடையில் கேட்டால் நம்மை ஏற இறங்கப் பார்ப்பர்.

நம்மிடமும் ஒரு முதுசொம் உண்டு. ரிச்சர்ட்ஸ் டவுனில் ஒரு பழைய வீட்டின் பின்கட்டில் நாம் வாடகைக்கு இருக்கின்றோம். 2009-இல் தேனிப் பக்கத்திலிருந்து வந்த எம் தாயார் ஒரு பழைய அஞ்சலட்டையை மடித்து அதற்குள் தக்காளி விதை கொணர்ந்தார். மடிப்பு மடிப்பான பழம். பச்சைத் தோள் உண்டு. மழை பெய்தால் தோல் வெடிக்கும். ரசத்துக்குப் புளியே வேண்டாம். விதையெடுக்கும் முறையையும் அவரே காட்டினார். நன்கு பழுத்த பழத்தைப் பிழிந்து, சாற்றுடன் இரண்டு மூன்று நாள் கிண்ணத்தில் விட வேண்டும். மேலே நுரையும் ஆடையும் கட்டும், நாற்றம் அடிக்கும். விதையைச் சூழ்ந்த வழவழப்பு முளைப்பைத் தடுப்பது. அது புளித்துக் கரைந்தால்தான் விதை விடுபடும். பின் அலசி, அடியில் தங்கியதை நிழலில் உலர்த்திச் சாம்பலில் புரட்ட வேண்டும். அறிவியல் காரணத்தை நாம் நூலிற் படித்தோம். அவர் நாற்றத்தைக் கொண்டே நாள் கணக்கிட்டார்.

நீலப் பட்டையுடைய காட்டுத்தேனீ ஒன்று காலையில் வந்து, பூவைப் பற்றிக்கொண்டு உடலை அதிரச் செய்து பூந்தாதை உதிர்க்கும். தேன்கூட்டுத் தேனீக்கு இந்த வித்தை தெரியாது. அதன் ரீங்காரத்தைக் கேட்பதற்காகவே நாம் அலுவலகப் பேருந்தைத் தவறவிட்டதுண்டு. வெண்ணீயும் வரும். அது பரப்பும் இலைச்சுருட்டை நோய்க் கிருமிகளுள் ஒன்றுக்கு அறிவியலார் பெங்களூரின் பெயரையே வைத்திருக்கின்றனர். கத்தரிக்காயும் தக்காளியும் போதாவென்று! 2014-இல் தென்னமெரிக்க இலைதுளைப் பூச்சியும் இந்தியாவில் காணப்பட்டது. செடி புறப்பட்டுப் பல நூற்றாண்டு கழித்து, அதன் ஊர்ப் பகை தேடி வந்து சேர்ந்தது.

2023-இல் நாம் ஒரு பிழை செய்தோம். மாசியில் விதைத்துக் கோடையில் செடிகளை நிறுத்தினோம். வெண்ணீ பெருகும் காலம் அது. இருந்த விதை முழுவதையும் அவ்வாண்டு ஊன்றியிருந்தோம். இலைகள் ஒன்றன்பின் ஒன்றாகச் சுருண்டன. ஒரு பழமும் தேறவில்லை. அதே ஆனி, ஆடியில் கடைத் தக்காளி கிலோ 100 ரூபாயைக் கடந்தது. ஊரெல்லாம் விலையைப் பேசிற்று; நமக்கு வருத்தம் வேறு. தாயார் மறைந்து இரண்டாண்டு ஆகியிருந்தது. அன்னஞ்சிப் பக்கம் எழுதிக் கேட்டதில், அங்கும் யாவரும் கடை விதையே வாங்குவதாக உறவினர் தெரிவித்தனர்.

அவ்வீட்டு முன்தோட்டத்தைப் பார்ப்பவர் ஒரு முதியவர், திகளர் குடியினர். அவர் வீட்டுத் தமிழில் பாதி கன்னடம். செடிகளைப் பிடுங்கி நாம் குவித்ததைப் பார்த்து நின்றவர், “விதை இருக்குது ஐயா, அம்மா குடுத்ததுதான். வருஷா வருஷம் எங்க வீட்டிலே போடுறோம்,” என்றார். தாயார் அவருக்கு விதை கொடுத்திருந்தது நமக்குத் தெரியாது. மறுநாள் ஒரு மாத்திரைப் புட்டியில் சாம்பலுடன் கொண்டுவந்தார். ஆடியில் விதைத்தோம், ஐப்பசியில் பழுத்தது. அதே மடிப்பு, அதே பச்சைத் தோள்.

வீட்டுக்குடையவர் மனையை விற்றுவிட்டார். இத்தெருவில் பழைய வீடுகள் ஒவ்வொன்றாக அடுக்ககங்களாகி வருகின்றன, இதுவும் ஆகும். பங்குனிக்குள் நாம் மூன்றாம் மாடி ஒன்றுக்குக் குடிபெயர வேண்டும். அங்கு மண் இல்லை, தொட்டிகள் வாங்கியிருக்கின்றோம். சென்ற வாரம் விதையைப் பகிர்ந்து உறைகளில் இட்டு, மேலே ‘தக்காளி, தேனி, 2009’ என்று எழுதினோம். முதியவருக்கு ஓர் உறை கொடுத்தோம். அவர் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, பேரப்பிள்ளைகளுக்குத் தமிழ் படிக்க வராது, கன்னடத்திலும் எழுதித் தாருங்கள் என்று கேட்டார். வாங்கி, உறையின் மறுபுறத்தில் கன்னட எழுத்தில் ‘நாட்டி’ என்று எழுதி, ஊரையும் ஆண்டையும் அதன்கீழ்க் குறித்துக் கொடுத்தோம்.